தாஜா பண்ணத் தெரியாதவள்

அண்ணனூர்
18.2.2024

அம்முலு,

நீ இல்லை என்று எனக்குத் தெரியும். புத்தி கலங்கி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொங்கல் கழிந்து உன் வீட்டுக்காரர் ராகவன் போன் செய்து சொன்னதும், நான் ஸ்டேஷன் ரோட்டில் காய்க்கடைக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டதும் எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் நீ இருந்த வாசல் இருக்கிறதே, மலேசியாவில், கிள்ளானில். அந்த வாசலுக்குத்தான் எழுதுகிறேன். யார் பிரிக்கிறார்களோ அவர்கள் படிக்கட்டும்.

போனில் பேசச் சொல்கிறான் உன் தம்பி வெங்கட். நான் அலோ என்றதும் அந்தப் பக்கம் அழுகிறார்கள். பிறகு நான் அழுகிறேன். கேட்க வேண்டியது கேட்காமலே போகிறது. அஞ்சாவது வரைக்கும் படித்தவள்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

உன் உடம்பு எப்படி என்று கேட்க இனி வழியில்லை. என் உடம்பு கல்லு மாதிரிதான் இருக்கிறது. வெங்கட்டுக்குச் சளி.

விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்குப் பெண் அமைந்துவிட்டது. ரோஷினி என்று பெயர். சேலத்துக்காரர்கள், பூந்தமல்லியில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். பெண்ணைச் சாகக் கொடுத்த ஈரம் காயவில்லை, அதற்குள் கல்யாணமா என்று கேட்டேன். உன் மாமா கஜபதி பாடியிலிருந்து வந்து உட்கார்ந்து நியாயம் சொன்னார்.

"இதோ பாரு ஞானம், அவ கட்டிக் குடுத்த பொண்ணு. நமக்கு மூணு நாள் தீட்டு, அத்தோட சரி. அவ இப்ப அவங்க ஊட்டுக்காரி. நீ புள்ள கல்யாணத்தப் பாரு."

மூன்று நாள். பெற்றவளுக்கு மூன்று நாள்.

சரி, கல்யாணம் நடக்கட்டும். ஆனால் நம் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரியைக் கூப்பிட வேண்டும். தாலியும் பூவுமாகச் செத்த பெண்ணை, தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய், பம்பை அடித்து அழைத்து, குடத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்த பிறகுதான் பந்தக்கால். உன் அப்பாவின் பெரியம்மா ஒருத்தியைத்தான் இத்தனை நாளும் கூப்பிட்டோம். இந்த முறை உன்னைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். மாமா எகிறினார்.

"செத்த பொண்ணு புருசன் ஊட்டு சாமி. பொறந்த ஊட்ல கூப்புட்றது எங்கனா கீதா? அதுவும் உன் சங்காத்தமே வோணாம்னு போன் நம்பர அடச்சி வெச்சவ. கோவத்தோட போனவள கூப்ட்டுக்கினு வந்தா ஊடு தாங்குமா?"

அதைத்தான் கேட்கிறேன். நீ கோபத்தோடுதான் போனாயா? இன்னொன்று. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிப் புடவை போர்த்த வேண்டும். நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். உனக்கு அதை யார் போர்த்தினார்கள்? என்ன நிறம்?

பிரிக்கிறவர்கள் பதில் எழுதவும். வேளைக்குச் சாப்பிடவும்.

உன் அம்மா
ஞானம்மாள்


கிள்ளான்
9.3.2024

அன்புள்ள அத்தை,

வணக்கம். நான் மைதிலி, ராகவனின் அக்கா. இங்கு நானும் என் பிள்ளைகளும் சுகம். ராகவன் வேலைக்குப் போய் வருகிறான். சாப்பிடுவது குறைவு. உங்கள் கடிதத்தை அவன் பிரிக்கவில்லை. "அக்கா, நீயே படி" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் சுதா, உங்கள் அம்முலு, கோபத்தோடு போனாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அத்தை. கடைசி வரைக்கும் ராகவன் அவளை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டான், நானும் பக்கத்தில் இருந்தேன், அதனால் சொல்கிறேன். அவளிடம் இருந்ததற்கு இங்கே மலாயில் ஒரு சொல் இருக்கிறது. மெராஜுக். அது கோபம் இல்லை. நம்முடையவர்கள் மேல் மட்டும் வருகிற மனத்தாங்கல். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் நிற்பார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் ராகவனோடு ஏதோ வாக்குவாதம். சுதா சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவள். என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா காக் நோர் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஆலா, டியா மெராஜுக் லா" என்றார், அட, இவள் மெராஜுக் பண்ணுகிறாள் என்று. சுதா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளே வந்து அறிவிப்பாள்: "அண்ணி, இன்னைக்கு நான் மெராஜுக். என்கூட யாரும் பேசாதீங்க." சொல்லிவிட்டு விடாமல் பேசிக்கொண்டிருப்பாள்.

அதனால் உங்கள் அண்ணன் சொல்வதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெங்கட்டுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள். உடம்பைக் கவனியுங்கள் அத்தை.

அன்புடன்
மைதிலி


அண்ணனூர்
27.3.2024

பொண்ணு மைதிலிக்கு,

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் இருக்கிறேன்.

நீ எழுதிய சொல்லை வெங்கட்டிடம் சொல்லிப் பார்த்தேன். "ம்மா, அது கோச்சிக்கறதுதான், சும்மா வேற பேரு" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. செத்துப்போனவள் கோபத்துக்கு ஏன் வேறு பேர் வைத்து எனக்குக் கொடுக்கிறாய்? கோபம் என்றால் கோபம் என்று சொல். தாங்கிக்கொள்வேன். என் பெண்ணின் கோபம் எனக்குச் சேர வேண்டியதுதானே. சக்கரை பூசித் தர வேண்டாம்.

என்ன நடந்தது என்று உனக்கு அவள் எப்படிச் சொன்னாளோ, நான் சொல்கிறேன். அவள் அப்பாவுக்கு வருஷ தெவசம் முடிந்த சமயம். போன் செய்து, "ம்மா, ஒரு மூணு மாசம் வந்து என்கூட இரேன்" என்றாள். வெங்கட் அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், ராத்திரி ஷிப்டு. நான் சொன்னேன்: "உனுக்கு அங்க புருசன் கீறாரு, நாத்தனார் கீறா. இவனுக்கு ஆக்கிப் போட யார் கீறா?" அதற்கு அவள், "அப்ப நான் கட்டிக் குடுத்த பொண்ணு, அவ்ளோதான?" என்றாள். வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என் நம்பர் போகவில்லை.

வயிற்றில் கட்டி என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பாஸ்போர்ட் கூடப் பார்த்திருக்க மாட்டேன். கடலில் இறங்கியிருப்பேன். வாயைத் திறந்து சொல்லாமல் நீயாகத் தெரிந்துகொண்டு வா என்றால் அது எந்த ஊர் நியாயம்? நான் பேசியது தப்பு என்று அவள் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்து பேசியிருந்தால் தப்பு. தெரியாமல் பேசியதற்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்?

கோடிப் புடவையைப் பற்றிக் கேட்டேன். நீ அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

பிள்ளைகளை வெயிலில் விடாதே.

ஞானம்மாள்


கிள்ளான்
20.4.2024

அன்புள்ள அத்தை,

வணக்கம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. உங்களுக்கு உடனே எழுதாததற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அது காரணமில்லை.

கோடி போடவில்லை அத்தை. அப்படி ஒரு முறை இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் எது வழக்கமோ அதைச் செய்தோம். அவள் பட்டுப்புடவை ஒன்றைக் கட்டினோம். பிறந்த வீட்டுப் புடவை எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உங்கள் முதல் கடிதத்தில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதக் கை வரவில்லை.

நீங்கள் கேட்ட நியாயத்தைக் காக் நோரிடம் கொண்டுபோனேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். பஸ்காரன் மீதிக் காசு தராவிட்டால் அவன் மேல் வருவது 'மாரா', அதாவது கோபம். அவனிடம் போய் மெராஜுக் பண்ண முடியுமா? அவன் ஏன் வந்து நம்மைக் கெஞ்சப் போகிறான்? பக்கத்து வீட்டுக்காரி, முதலாளி, போலீஸ்காரன், யாரிடமும் முடியாது. இவர் வருவார் என்று அடிவயிற்றில் நிச்சயம் இருந்தால்தான் ஒருத்தியால் மெராஜுக் பண்ண முடியும். வாயைத் திறந்து காரணம் சொல்லிவிட்டால் அது மெராஜுக் இல்லை, புகார். "காரணத்தைச் சொல்லி வர வைத்தால் வந்தவர் பரிதாபப்பட்டு வந்தாரா, பாசத்தில் வந்தாரா, எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அதற்கு மறுபாதியும் உண்டாம். புஜுக். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்ததைச் செய்து கொடுத்து, பேசிப் பேசி மனத்தைத் திருப்புவது. யாரும் வராமல் நாள் ஆகிவிட்டால் 'பாவா டிரி' என்பார்களாம். தன்னைத் தானே தூக்கிக்கொண்டு தூரமாகப் போய்விடுவது.

சக்கரை பூசவில்லை அத்தை. இது கோபத்தை விடக் கசப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூங்குகிறீர்களா? எழுதுங்கள்.

மைதிலி


அண்ணனூர்
8.5.2024

பொண்ணு மைதிலிக்கு,

சின்னவன் உடம்பு தேறியிருக்கும். இளநீர் கிடைத்தால் கொடு.

கோடி இல்லாமல் போனாள் என்று படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அரிசி களைந்தேன். என்ன செய்வது, உலை வைத்தாகிவிட்டது. உன் மேல் எனக்கு வருத்தமில்லை. தெரியாமல் விட்டதற்கு உன்னைக் குற்றம் சொன்னால் என்னையும் சொல்ல வேண்டிவரும்.

ஆனால் இப்போது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பிறந்த வீட்டுப் புடவை அவளுக்கு இன்னும் போகவில்லை. அப்படியென்றால் நான் கூப்பிட்டே ஆக வேண்டும். பூவாடைக்கு வைக்கிற புடவைதான் அவளுடைய கோடி.

புஜுக் என்று எழுதினாயே, அதற்கு எங்கள் பக்கம் தாஜா பண்றது என்பார்கள். அது எனக்கு வராது. அவள் அப்பாவுக்குத்தான் வரும். ஆவடியில் டாங்கு பாக்டரியில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். "இன்னா மேடம், யார் மேல கேஸு? உங்கம்மா மேலயா? ஜெயில்ல போட்டுட்லாமா?" அவள் சிரித்துவிடுவாள். நான் சமையல்கட்டிலிருந்து, "பசிச்சா வருவா, வுடுங்க" என்பேன். பசித்தால் வந்துதான் தீருவாள் என்று நான் நினைத்தேன். வந்தாள் என்றே வைத்துக்கொள், அவரோடுதான் வந்தாள்.

அண்ணன் மறுபடி வந்தார். நான் பம்பைக்காரர் துலுக்கானத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஞானம், உனுக்குப் பித்து புடிச்சிகினு கீது. மாப்ள ஊட்ல கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"அவங்க பொணம்."

"நான் பெத்த பொண்ணு."

"நீ இத்த செஞ்சன்னா தாய்மாமன் சீரு கெடையாது. மேடையில நான் நிக்க மாட்டேன். பையன் அநாதையா தாலி கட்டட்டும்."

"நிக்காதண்ணா. கால் வலிக்கும். சேர் போட்றேன், கீழ குந்திக்கினு பாரு."

வெங்கட் தலையில் கை வைத்துக்கொண்டான். "யம்மா, ரோஷினி ஊட்ல இன்னா நெனப்பாங்க?" என்கிறான். நினைக்கட்டும்.

காக் நோரிடம் ஒன்று கேள். உங்கள் சொல்லில் அம்மாவுக்கு இடம் உண்டா? நானும்தான் அந்த வருஷம் பூராவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளாகப் பேசட்டும் என்று. அம்மாக்காரி மெராஜுக் பண்ணினால் யார் வந்து தாஜா பண்ண வேண்டும்?

உன் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிடு. கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஞானம்மாள்


கிள்ளான்
2.6.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு ராகவன் வணக்கம்.

தாங்களும் வெங்கட்டும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

அக்கா விஷயத்தைச் சொன்னார். சுதா எங்கள் வீட்டு மருமகள். அவளுக்குச் செய்ய வேண்டியதை எங்கள் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று இங்கே பெரியவர்களும் பூசாரியும் சொல்கிறார்கள். ஓர் ஆத்மாவை இரண்டு இடத்தில் அழைத்து அலைக்கழிக்கக் கூடாதாம்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எனக்கு மறுமணம் பேசி முடித்திருக்கிறார்கள். ஆகஸ்டில் பதிவு. அதற்கு முன்பு சுதாவுக்கு இங்கே புடவை வைத்துப் பூசை செய்ய ஏற்பாடு. ஆகவே தாங்கள் அங்கே எதுவும் செய்ய வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அவள் உங்களோடு பேசாமல் இருந்தது அவளுடைய விருப்பம். அதை மதிக்க வேண்டும்.

தங்கள் உடல்நலத்தைப் பேணவும்.

இப்படிக்கு
ராகவன்


அண்ணனூர்
19.6.2024

தம்பி ராகவனுக்கு,

நல்லா இருப்பா. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நீ கல்யாணம் செய்துகொள். நான் குறுக்கே வர மாட்டேன். என் பெண்ணை மருந்து வாசனையோடு மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவன் நீ, உன் அக்கா எழுதியிருக்கிறாள். அதற்கு நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவேன். வருகிற பெண்ணும் நன்றாக இருக்கட்டும். அவள் வரும்போது வீட்டில் இன்னொருத்தியின் புடவையும் படமும் இருப்பது அவளுக்குச் சங்கடம். நீ பூசை போட்டு, அவளைச் சாந்தப்படுத்தி, ஓரமாக உட்கார வைக்கத்தான் பார்க்கிறாய். எனக்குப் புரிகிறது. தப்பென்று சொல்லவில்லை.

ஆனால் நீ ஓரமாக வைக்கிறவளை நான் நடுக்கூடத்தில் வைக்கிறேன். அதற்கு எவன் உத்தரவும் வேண்டாம். கட்டிக் கொடுத்த பெண் என்று அவளைச் சொன்னவர்கள் எல்லோரும், அவள் உயிரோடு இருக்கையில் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நிறுத்தினார்கள். செத்த பிறகும் அதையே சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

பேசாமல் இருந்தது அவள் விருப்பம் என்றாய். இருக்கலாம். கூப்பிடுவது என் விருப்பம். வருவதும் வராததும் எனக்கும் அவளுக்கும் நடுவில். நீயும் வேண்டாம், என் அண்ணனும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம்.

உன் கல்யாணத்துக்கு என் ஆசீர்வாதம். வயிறு காயப் போடாதே.

ஞானம்மாள்


கிள்ளான்
11.7.2024

அன்புள்ள அத்தை,

வணக்கம். எல்லோரும் சுகம். ராகவனுக்கு நீங்கள் எழுதியதை அவன் என்னிடம் காட்டினான். அவன் கோபப்படவில்லை. ஆசீர்வாதம் என்று எழுதிய வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தான். "என்னமோ பண்ணிக்கட்டும் லா" என்றான்.

அம்மா மெராஜுக் பண்ணலாமா என்று காக் நோரிடம் கேட்டேன். "ஏன் கூடாது? என் அம்மாவுக்கு அதுதான் முழுநேர வேலை" என்றார். பிள்ளைகள்தான் போய்ப் புஜுக் பண்ண வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மெராஜுக் ஆனால் என்ன செய்வது என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "யார் முதலில் வெட்கம் கெட்டுப் போகிறார்களோ அவர்கள்தான் எழுந்து வர வேண்டும்" என்றார்.

அத்தை, இன்னொன்றை நான் எழுதாமல் வைத்திருந்தேன். எழுதினால் உங்களைக் கொன்றுவிடுமோ என்று பயம். இப்போது ராகவனுக்கு நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, உங்களிடம் மறைப்பதுதான் அவமரியாதை என்று தோன்றுகிறது.

சுதா உங்கள் நம்பரைத்தான் அடைத்து வைத்திருந்தாள். என் நம்பர் உங்களிடம் இருந்தது, கல்யாணத்தின்போது வாங்கினீர்கள். அது அவளுக்குத் தெரியும். நான் வேலை முடிந்து வந்ததும் தண்ணீர் கூடக் குடிக்க விடமாட்டாள். "அண்ணி, உங்க போனுக்கு யாராச்சும் பண்ணாங்களா?" என்று கேட்பாள். யாராச்சும் என்றுதான் கேட்பாள், அம்மா என்று சொல்லமாட்டாள். இல்லை என்றால், "சும்மா கேட்டேன்" என்பாள். ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். நானே உங்களைக் கூப்பிடுகிறேன் என்றேன். என் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "நீங்க சொல்லி வந்தா வேணாம் அண்ணி. தானா வரட்டும்" என்றாள்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மைதிலி


அண்ணனூர்
14.8.2024

மைதிலி,

ஒரு மாசமாகப் பேனா எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன்னைத் திட்ட மாட்டேன். உன் நம்பர் என்னிடம் இருந்தது, வாஸ்தவம். அவள் நாத்தனாரிடம் போய்க் கெஞ்சுவதா என்று இருந்தேன். அவளுக்கு ரோஷம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? இங்கிருந்துதான் போனது.

உன் கடிதம் வந்த பிறகு ஒன்று தெரிந்தது. அவள் சாகும்போது என்னை வெறுத்துச் சாகவில்லை, வருவேன் என்று நம்பிச் செத்தாள். வெறுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் அழுது விழுந்துவிடுவேன் என்றுதானே எல்லோரும் பார்க்கிறார்கள். விழ மாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது.

புடவை எடுக்கப் போனோம். ரோஷினி போனில் என்னிடம் நேராகக் கேட்டது: "அத்தை, அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்? எனக்கு எடுக்கிறதை விட்டுட்டு முதல்ல அவங்களுக்கு எடுங்க." வெங்கட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மாம்பழ மஞ்சளில் ராமர் பச்சைக் கரை. இது அவளுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, எனக்குப் பிடித்தது. பிறந்த வீட்டுப் புடவை என்றால் அம்மாவுக்குப் பிடித்ததுதானே.

ஆவணியில் இரண்டாவது வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன். அன்றைக்கு அங்கே ஒரு விளக்கு வை. காக் நோருக்கு என் வணக்கம்.

அத்தை
ஞானம்மாள்


அண்ணனூர்
31.8.2024

அம்முலு,

நேற்று கூப்பிட்டேன். நீ அங்கே இருந்தால் உனக்கே தெரியும். இல்லையென்றால் தெரிந்துகொள்.

கோயில் கிணற்றை மூடி மேலே பிளாட் கட்டிவிட்டார்கள். எங்கே போய் அழைப்பது என்று நான் முழித்தேன். துலுக்கானம், "போர் கொழாயில கூப்புட்லாம்மா. பூமிக்குள்ளருந்துதான தண்ணி வருது, அவளுக்கு வழி தெரியாதா?" என்றார். ரயில் கார் ஷெட் மதில் ஓரம் இருக்கிற பொதுக் குழாயடி. மோட்டார் போட்டு உன்னை அழைத்தோம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

குடம் தூக்க வேண்டியது மாமாவின் மருமகள் ஜெயப்பிரியா. காலையில் அவளைப் போகக் கூடாது என்று மாமா தடுத்துவிட்டார். வேறு சுமங்கலிகள் வந்திருந்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. மாமா மட்டும் வந்து, டீக்கடை நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க.

துலுக்கானம் அடித்தார், அடித்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வாடியம்மா, வந்து எறங்கு என்று பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. யார் மேலும் வரவில்லை. ஒரு இலை ஆடவில்லை. எலெக்ட்ரிக் டிரெயின் ஒன்று ஷெட்டுக்குள் போனது, அவ்வளவுதான்.

"பாத்தியா ஞானம்?" என்றார் மாமா. "நான் சொல்லல? வர மாட்டா. கோவமா கீறா. போதும், ஊட்டுக்கு வா."

துலுக்கானம் பம்பையைக் கீழே வைத்தார். "யம்மா, பெத்தவ நீ ஒரு வாட்டி கூப்டு. கெஞ்சிக் கூப்டு, வந்துருவா" என்றார்.

எனக்குக் கெஞ்ச வருமா? குழாயடியில் நின்று நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஊரே கேட்க?

"ஏண்டி, வயித்துல கட்டி வெச்சிக்கினு வாயத் தொறக்காம இருந்தியே, நான் இன்னா ஜோசியக்காரியா? வருவேன்னு குந்திக்கினு இருந்தா சொல்ல மாட்டியா? நானும்தாண்டி குந்திக்கினு இருந்தேன். உனுக்கு மட்டும்தான் ரோஷமா? உங்கப்பா இல்ல இப்ப, உன்ன தாஜா பண்ண. நான்தான் கீறேன். எனுக்கு இவ்ளோதான் வரும். இதான் என் தாஜா. நீ குடுத்த பொண்ணு இல்லடி, என் பொண்ணு. யார் இன்னா சொன்னாலும் என் பொண்ணு. பொடவ எட்த்து வெச்சிகீறேன். மூஞ்ச காட்டாம வந்தாலும் சரி, எழுந்து வா ஊட்டுக்கு."

சாமியை இப்படி யாரும் திட்டிக் கூப்பிட்டுப் பம்பைக்காரர் பார்த்ததில்லையாம்.

குனிந்து குடத்தை நானே தூக்கினேன். மாமா நிழலை விட்டு ஓடி வந்தார். "தாலி அறுத்தவ கொடம் தூக்கக் கூடாதுடி! கல்யாண ஊடு!" என்று கத்தினார். "தூக்கிட்டேண்ணா. இப்ப கீழ வெச்சா அவ கீழ வுயுவா. வெக்கச் சொல்றியா?" என்றேன். அவர் கை அந்தரத்தில் நின்றது. வெங்கட் வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றான். "நவுருங்க மாமா, எங்கக்கா வருது" என்றான். நம் வெங்கட்டா என்று திரும்பிப் பார்த்தேன். துலுக்கானம் பம்பையை மாட்டிக்கொண்டு அடித்தார் பார், அந்த மாதிரி அடி நான் கேட்டதில்லை.

எல்லோரும் தலையில்தான் வைப்பார்கள். நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். குழாயடியில் எடுத்தபோது சாதாரணக் குடம்தான். பால் பூத் தாண்டும்போது கனத்தது. நம் தெருவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. ஆனாலும் யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. புடவைக்கு முன்னால் இறக்கி வைத்துப் படைத்தேன். உத்தரவு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. நான் விடவில்லை, இன்றைக்குக் காலையில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. மாமா வந்து மூங்கிலைப் பிடித்தார்.

தண்ணீர்தான் கனம், வயசாகிவிட்டது உனக்கு என்கிறார்கள் எல்லோரும். துலுக்கானம் ஒன்றும் சொல்லாமல் பாக்கு வாங்கிக்கொண்டு போனார். வரவில்லை என்றால் போ. அடுத்த நல்லது கெட்டதுக்கும் கூப்பிடுவேன், அதற்கடுத்ததுக்கும் கூப்பிடுவேன், நான் சலித்துப்போகிற ஆள் இல்லை.

இடுப்பு இன்னும் வலிக்கிறது. தைலம் தடவ விடவில்லை நான். மற்றவர்கள் சொல்வது எனக்கு வேண்டாம், நீ சொல். பால் பூத்திலிருந்து வாசல் வரைக்கும் என் இடுப்பில் கனத்தது நீதானாடி?

உன் அம்மா